சுண்டுவிரல்

விண்ணப்பக் கட்டணம் நாலாயிரம் என்று போட்டிருந்தது.
லீவில் இருபத்தாறு நாள் அண்டியாபீஸுக்குப் போனேன்,
அம்மைக்குப் பக்கத்துக் கட்டை.
வறுத்த அண்டியை நிமிர்த்தி வைத்து ஒரே தல்லு.
முழுப்பருப்புக்கு ஒரு கூலி, உடைந்ததற்கு வேறு கூலி.
இரண்டாம் வாரம்
என் விரலைத் தெரியாது என்றது என் போன்.

பணம் கட்டியாச்சு. ரசீது இருக்கிறது.

கைடு, மார்த்தாண்டத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது.
முதல் பக்கத்தில் அஜின் சேம் என்று பெயர்.
நாற்பதாம் பக்கம்வரை அவன் பென்சில் கோடு,
அப்புறம் வெறும் தாள்.
எங்கே போனானோ.
நாற்பத்தொன்றிலிருந்து நான் ஒற்றைக்கு.

சட்டப் பகுதியில் எல்லாரும் ஏ, பி-தான்.
ஏ மாடு விற்பார், பி பணம் தரமாட்டார்.
ஏ வீட்டுச் சக்கைமரக் கிளை
பி-யின் புரையிடத்தில் சாயும்.
கருங்கலில் எங்கள் தெருவில் இதற்கு
ஆறு வருஷம் பேச்சு கிடையாது,
ரெண்டு தடவை வெட்டுகத்தி எடுத்தார்கள்.
கைடில் ஒரு நிமிஷம்.
அடியில் சின்ன எழுத்து:
கொடுத்த விதியை மட்டும் வை,
உன் நியாயத்தைச் சேர்க்காதே.

ராத்திரி தமிழாக்கிச் சத்தமாய்ப் படிப்பேன்.
சாம்பல் தொட்டு விரல்கறையை உரசிக்கொண்டே
அம்மை கேட்பாள்.

ஏ தன் இடத்தில் பொள்ளுகிற திரவம் வைத்திருந்தார்.
பி-க்குக் கை பொள்ளியது. ஏ பொறுப்பா?
"பின்னே?"
பி தெரிந்தேதான் தொட்டார்.

உரசுவதை நிறுத்தினாள்.
"தெரிஞ்சுதான் தொட்டா.
அவளுக்குத் தொட வேற என்ன கிட்டிச்சு?"

பி பெண் என்று நான் சொல்லவே இல்லை.

கடைசிப் பக்கத்து விடை:
சம்மதித்தவருக்கு நஷ்டஈடு இல்லை.
தப்பாய்ப் போட்டால் கால் மார்க் போகும்.
அம்மை விளக்கணைக்க எழுந்த நேரம்
அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.
"சரியா வந்திச்சா?"
வந்திச்சு.

அந்தப் பல்கலைக்கழகத்து லைப்ரரியின் படம் வைத்திருக்கிறேன்.
மேசைக்கு ஒரு விளக்கு.
கதவு விரல் வைத்தால்தான் திறக்குமாம்.

ரேஷன் கடை டென்னிசன் அண்ணன்
இப்போதெல்லாம் அம்மையிடம் மெஷினை நீட்டுவதில்லை.
"லீலாபாய் அக்கா, உமக்கு ரேகை கெடையாது,
போனுக்கு நம்பர் வரும், சொல்லும்."
அரிசி கிடைத்துவிடும். அதனால் நாங்கள்
ஒன்றும் யோசித்ததில்லை,
ஹால் டிக்கெட்டில் அந்த ஒரு வரியை வாசிக்கும்வரை.

நவம்பர் முழுக்க அதுதான் படிப்பு.
வெந்நீர், தேங்காயெண்ணெய், நடப்புச் செய்திகள், மறுபடி வெந்நீர்.
தோல் உரிந்த இடத்தில்
டார்ச் அடித்துக் கோடு தேடுவேன்.
அஜின் சேமின் பென்சிலைவிட மெலிசாய்
ஒன்றிரண்டு வந்தது.
வெப்ராளத்தில் கடித்துத் தொலைத்தேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு, நாகர்கோவில்.
வழிநெடுக வீடுகளில் நட்சத்திரம் தொங்கியது.
வாசலில் ஒரு சார், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி.
பெருவிரல் சிவப்பு.
துடைத்து வைத்தேன், சிவப்பு.
ஆள்காட்டி, நடுவிரல்.
"இந்தக் கையை வச்சு என்ன செய்தே பாப்பா?"
சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.
எனக்குப் பின்னால் இருநூறு பேர் நின்றார்கள்.

இடதுகைச் சுண்டுவிரல்.
அண்டியைப் பிடிக்கையில் ஒட்டாமல்
ஒதுங்கி நிற்குமே, அந்தச் சோம்பேறி.
பச்சை.

நூற்றிருபது நிமிஷம், நூற்றிருபது கேள்வி.
பதினாலை விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில்
தக்கலை தாண்டிய பிறகுதான் அம்மை வாய் திறந்தாள்.
"பி வந்தாளா?"
வந்தா.
"என்ன எழுதினே?"

டிக்கெட்டைச் சுண்டுவிரலில் சுருட்டினேன், பிரித்தேன்.
கண்டக்டர் சில்லறை கேட்டு
எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்.